கல்யாணம் இல்லாத முருங்கை

என் வயதுக்காரர்களுக்கு ஒரு கேள்வி. கல்யாண முருங்கை வேறு, முருங்கை வேறு என்பது உங்களுக்கு எந்த வயதில் தெரியும்? பிறந்தபோதே தெரியும் என்கிறவர்கள் தாராளமாக எழுந்து போகலாம், உங்களோடு எனக்குப் பேச்சில்லை. எனக்கு ஒன்பது வயதில் தெரிந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்னால் தெரிந்திருந்தால் எங்கள் அத்தையின் பேர் கெடாமல் இருந்திருக்கும். அதைத்தான் இங்கே எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அறுபதுகளின் கடைசி அது. கும்மிடிப்பூண்டியில் இப்போது வானத்தை அழுக்காக்கிக்கொண்டு நிற்கிற புகைபோக்கிகளில் ஒன்றுகூட அன்றைக்கு இல்லை. எங்கள் ஊர் அதற்குக் கிழக்கே, ஏரித் தண்ணீரில் நெல் விளைகிற ஊர். நைனாவுக்கு மூன்று காணி நிலம். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஆந்திரா பக்கத்திலேயே இருந்ததால் அந்தப் பேச்சு எங்கள் வாயில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்தத் தை மாதம் அக்காவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை திருவள்ளூரை ஒட்டிய மணவாள நகர்க்காரர். மெட்ராஸ் பக்கம் ஒரு பட்டறையில் லேத் மிஷின் ஓட்டுகிறவர், தினமும் ரயிலில் போய்த் திரும்புகிறவர். சட்டைப் பையில் பேனா செருகியிருப்பார். அதுவரை எங்கள் தெருவுக்குப் பேனா வைத்த மாப்பிள்ளை வந்ததில்லை. பெண் பார்க்க வந்த அன்று ஊரே அக்காவை விட்டுவிட்டு அந்தப் பேனாவைத்தான் பார்த்தது. அம்மாவுக்கு இரண்டு நாள் கால் தரையில் படவில்லை.

அத்தைக்கு மட்டும் அந்தச் சந்தோஷத்தில் பங்கில்லாமல் இருந்திருக்கலாம். அத்தை என்றால் நைனாவின் ஒரே தங்கச்சி. எளாவூரில் செக்போஸ்ட்டுக்குப் பின்னால் வீடு. அவள் மகன் அங்கே நிற்கிற லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு அக்காவைக் கேட்டாள் அத்தை. முறைப்பெண், கேட்பதில் தப்பு என்ன? “பஞ்சர் ஒட்றவனுக்கா எம் பொண்ணு?” என்று அம்மா ஒரே வார்த்தையில் கதவைச் சாத்தினாள். அத்தை கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பே பஸ் பிடித்து வந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மஞ்சள் இடிக்க உட்கார்ந்துவிட்டாள். சிரித்தால் தெருக்கோடிக்குக் கேட்கும் அவள் குரல்.

கல்யாண வீட்டு வாசனையை இப்போது எந்த மண்டபத்திலும் நான் முகர்வதில்லை. தண்ணீர் தெளித்த தென்னங்கீற்று, காகிதத் தோரணம் ஒட்டக் காய்ச்சிய மைதாப் பசை, புது ஜமுக்காளத்தின் சாயம், ஒலிபெருக்கிக்காரர் இசைத்தட்டில் முள்ளை வைப்பதற்கு முன் ஊதும் பீடி. அந்தப் பசைச் சட்டியைச் சுரண்டி நாங்கள் தின்றிருக்கிறோம். உவ்வே என்காதீர்கள், நீங்களும் தின்றிருப்பீர்கள்.

இனி அரசாணிக்காலைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றைக்கு மண்டபத்துக்காரர்களே பித்தளையில் ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, முடிந்ததும் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அன்றைக்கு அரசங்கிளை ஒன்றும் கல்யாண முருங்கைக் கிளை ஒன்றும் வெட்டி வந்து, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மஞ்சள் துணி சுற்றி மணவறைக்குப் பக்கத்தில் நடுவார்கள். கல்யாணம் முடிந்தபின் அந்த முருங்கைக் கிளையை எடுத்துக் கொல்லையில் நட்டு வைப்பார்கள். அது துளிர்த்தால் பெண்ணும் மாப்பிள்ளையும் நன்றாக வாழ்வார்கள். துளிர்க்காவிட்டால் யாரும் வாய்விட்டு எதுவும் சொல்லமாட்டார்கள், மனசுக்குள் வைத்துக்கொள்வார்கள்.

முகூர்த்தத்தன்று காலையில் அரசங்கிளை வந்துவிட்டது, முருங்கைக் கிளை வரவில்லை. கொண்டுவருகிறேன் என்று சொன்ன ஆள் எங்கே போனார் என்று தெரியவில்லை. புரோகிதர் நேரமாகிறது என்று கத்திக்கொண்டிருந்தார். அடுப்படியில் சாம்பாருக்குப் புளி போதவில்லை என்று ஒரு சண்டை. நடுவில் நின்ற அம்மாவின் கண்ணில் நான் பட்டேன்.

“ஏய், இங்க வா. ஓடிப் போய் முருங்கைக் கெள ஒண்ணு வாங்கியா. நேரா இருக்கணும், நடறதுக்கு. நின்னுக்கினு இருக்காத, ஓடு!”

முருங்கைக் கிளை என்றுதான் சொன்னாள். அவளைக் குற்றம் சொல்வதற்கில்லை. கல்யாண வீட்டில் கல்யாணப் பானை, கல்யாணப் பாய் என்று யார் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்? பானை, பாய் என்றால் போதும். அந்த வாரம் முழுக்க வீட்டில் எல்லாரும் முருங்கை என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வாயிலிருந்தும் கல்யாண முருங்கை என்ற முழுப் பேர் வந்து நான் கேட்கவில்லை.

இத்தனைக்கும் அந்த மரம் எனக்குப் பழக்கமான மரம். ஏரிக்கரையின் மறுகோடியில் வேலியோரமாக நிற்கும். தை பிறந்தால் இலையெல்லாம் கொட்டிவிட்டு மொட்டைக் கிளைகளில் சிவப்புச் சிவப்பாகப் பூக்கும். நாங்கள் அந்த இதழைப் பிய்த்து எச்சில் தொட்டு விரலில் ஒட்டிக்கொண்டு ஒருவரையொருவர் பிறாண்டுவோம். எங்களுக்கு அது புலிநக மரம். பெரியவர்கள் அதற்கு வேறு பேர் வைத்திருந்தது எங்களுக்குத் தெரியாது, எங்கள் பேர் அவர்களுக்கும் தெரியாது.

எனக்குத் தெரிந்த முருங்கை பக்கத்துத் தெருவில் மாட்டு வைத்தியர் வீட்டுக் கொல்லையில் இருந்தது. காய் ஒவ்வொன்றும் என் உயரம் இருக்கும். ஓடினேன்.

“முருங்கைக் கெள வேணுமாம். அம்மா கேட்டாங்க.”

“எதுக்கு பாப்பா, நடறதுக்கா?”

“ஆமா. நேரா இருக்கணுமாம்.”

கல்யாண அவசரத்திலும் கொல்லையில் முருங்கை வைக்கிறாளே உங்கம்மா என்று அவர் சிரித்தார். நல்லதாக ஒரு கிளை பார்த்து வெட்டி, இலையையெல்லாம் உருவிப் போட்டு, நட வாகாக அடியைச் சீவிக் கொடுத்தார். அவர்மேலும் தப்பில்லை.

பந்தலில் மஞ்சள் கிண்ணத்தோடு காத்திருந்தது அத்தை. கிளையை வாங்கியவள் ஒரு கணம் நின்றாள். நகத்தால் பட்டையைக் கீறி மூக்கருகே கொண்டு போனாள். “இத எங்கருந்துடி கொண்ணாந்த?” என்று மெதுவாகக் கேட்டாள். அத்தைக்கு மெதுவாகப் பேசவும் வரும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

“மாட்டு வைத்தியர் ஊட்லருந்து.”

அத்தை என்னைப் பார்த்தாள், அடுப்படிப் பக்கம் பார்த்தாள், வரிசையாக உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்தாள். “இன்னும் ஆவலயாம்மா?” என்று புரோகிதர் குரல் கொடுத்தார். “ஆச்சு சாமி, ஆச்சு” என்று சொல்லிவிட்டு, பட்டை தெரியாதபடி அடி முதல் நுனி வரை மஞ்சளை அப்பினாள். அத்தைக்குக் கை தாராளம் என்று நினைத்துக்கொண்டேன். துணியையும் வழக்கத்துக்கு மேல் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினாள். தாலி கட்டியாயிற்று, அக்கா அழுதாள், நான் மூன்று கோலி சோடா குடித்தேன்.

கிளையைத் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நட்டார்கள். அரிசி களைந்த தண்ணீரை அம்மா தினமும் கொண்டுபோய் அதற்குத்தான் ஊற்றினாள். மாசியில் கணுக்களில் பச்சைப் பொட்டுகள் தெரிந்தன. அம்மா கற்பூரம் ஏற்றினாள். அவளுக்கு எழுதத் தெரியாது. “கிளை துளிர்த்துவிட்டது” என்று சம்பந்தி வீட்டுக்குக் கார்டு எழுதியது நான்தான்.

பத்து நாளில் இலை விரிந்தது. சின்னச் சின்ன வட்ட இலைகள், கூட்டில் உதிர்த்துப் போடுகிற அதே இலை. அம்மா அதன் முன்னால் வெகுநேரம் குந்தியிருந்தாள். பிறகு பெரிய கோழிக்கூடையைக் கொண்டுவந்து அதன்மேல் கவிழ்த்தாள். “வெயில் படக் கூடாது” என்றாள் எங்களிடம். பிடுங்கிப் போட அவளுக்குத் தைரியம் வரவில்லை. எனக்கோ எதுவும் உறைக்கவில்லை. முருங்கை கேட்டார்கள், கொண்டுவந்தேன், முருங்கை முளைத்திருக்கிறது, இதில் மூடி வைக்க என்ன இருக்கிறது என்றுதான் இருந்தேன்.

பங்குனியில் மாப்பிள்ளையின் தம்பி வந்து சொன்னார். பட்டறையில் மிஷினில் கை சிக்கி மாப்பிள்ளைக்கு வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது.

நைனாவும் அம்மாவும் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். அதற்கடுத்த வாரம் மாப்பிள்ளையின் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தாள். வந்தவள் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல், “கெள துளுத்துடுச்சின்னு கார்டு போட்டீங்களே, அதக் காட்டுங்க சம்மந்தி” என்றாள். அம்மா என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். அந்தம்மா நேராகக் கொல்லைக்குப் போய்க் கூடையைத் தூக்கினாள்.

“இது இன்னா மரம்?”

அம்மா கூடையைத் திரும்பக் கவிழ்க்கப் போனாள்.

“கல்யாண முருங்கை நடற எடத்துல வெறும் முருங்கையா? தொட்டா முறியற மரத்த எம் புள்ள கல்யாணத்துல கட்டி வெச்சிக்கீறீங்க. அவன் வெரலு முறிஞ்சி பூட்ச்சி. இன்னா சம்மந்தி, வாயத் தொறந்து பேசுங்க! ஒங்க பொண்ணு காலு வெச்ச நேரமா இது, இல்ல நீங்களே பண்ணதா?”

கதவுக்குப் பின்னால் நின்றிருந்த எனக்கு அப்போதுதான் இரண்டு முருங்கை உண்டு என்று தெரிந்தது. நான் கொண்டுவந்த கிளையால் அக்காவின் வீட்டுக்காரருக்கு விரல் போய்விட்டது என்று அந்த நிமிஷத்தில் முழுசாக நம்பினேன்.

அம்மா புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “எங்க நாத்தனாருதாங்க கட்னா. அவ புள்ளைக்கு எங்க பொண்ணக் கேட்டா. நாங்க குடுக்கல.”

அதற்கு மேல் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. அந்தம்மாவின் முகம் இளகியது. “அப்டியா சேதி? பாவம், நீங்க இன்னா பண்ணுவீங்க” என்று அம்மாவின் கையைப் பிடித்தாள். அக்காவின் பக்கம் திரும்பியிருந்த கோபம் அப்படியே எளாவூர்ப் பக்கம் போய்விட்டது. பிறகு தண்ணீர் வாங்கிக் குடித்தாள்.

மறுநாள் நைனா சைக்கிளை எடுத்துக்கொண்டு எளாவூர் போனார். மத்தியானம் வெயிலில் திரும்பி வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“ஒத்துக்கினா. ஆமாண்ணா, நாந்தான் கட்னேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்றா. இனிமே எனக்குத் தங்கச்சின்னு யாரும் கெடையாது.”

கிளையைக் கொண்டுவந்து கொடுத்தது யார் என்பதை அத்தை சொல்லவே இல்லை. அது எனக்கு மட்டும்தான் புரிந்தது. ஒன்பது வயதில் அந்தப் புரிதலை வைத்துக்கொண்டு சாப்பிட முடியவில்லை. மூன்று நாள் தாங்கினேன். நாலாம் நாள் மத்தியானம் அம்மா முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தபோது போய் எதிரில் நின்று, மாட்டு வைத்தியர் வீட்டுக்குப் போனதிலிருந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை.

“நான் இன்னா சொல்லி அனுப்சேன்?”

“முருங்கைக் கெள வாங்கியான்னு.”

“கல்யாண முருங்கைன்னு சொல்லல?”

“இல்லம்மா.”

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். “இது ஒங்க மாமியாருக்குத் தெரிஞ்சிட்டா ஒங்கக்கா கதி இன்னா ஆவும்?” என்றாள். யாருடைய மாமியார் என்பதுகூட அவளுக்குக் குழம்பிவிட்டது. “வாயத் தொறக்காத. எங்கூடவும் இனிமே இதப் பேசாத.”

அம்மாவை நான் அன்றைக்கு மனசுக்குள் திட்டினேன். இன்றைக்கு அவளை நினைத்தால் எனக்குப் பாவமாகத்தான் இருக்கிறது. பெற்ற பெண்ணும் நாத்தனாரும் தண்ணீரில் விழுந்தால் யாரைத் தூக்குவாள்?

ஆனால் அவளும் நிம்மதியாக இல்லை. இரண்டு நாள் கழித்து, நைனா வயலுக்குப் போனதும் என்னைக் கையில் பிடித்துக்கொண்டு எளாவூர் பஸ் ஏறினாள். செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. டீசல் நாற்றத்துக்குள் நடந்துபோய் அத்தை வீட்டு வாசலில் நின்றோம். அத்தை கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“வா அண்ணி” என்றாள், நேற்றுத்தான் பார்த்ததுபோல.

அம்மா நின்றபடியே சொன்னாள்: “நான் அன்னிக்கு முருங்கைன்னு மட்டும் சொல்லி அனுப்சிட்டேன் போலக்கீது.”

“தெரியும் அண்ணி. கெளய மோந்து பாத்தப்பவே தெரியும்.”

“தெரிஞ்சும் ஏன் கட்ன?”

“வேற இன்னா பண்ணச் சொல்ற? ஏரிக்கர மறுகோடி போய் வரணும்னா ஒரு மணி நேரம். முகூர்த்தத்துக்கு அர மணிகூட இல்ல. தப்பான கெளன்னு நான் வாயத் தொறந்திருந்தா, மாப்ள ஊட்டுக்காரங்க எழுந்துக்கினு போயிருப்பாங்க. இதப் பந்தல்லயே தோல உரிச்சிருப்பே நீ” என்று என்னைக் காட்டினாள். “மஞ்சளப் பூசிட்டா எல்லாம் ஒரே கெளதான்னு கட்டிட்டேன்.”

அம்மா அழுதாள். அழுதுகொண்டே கேட்க வந்ததைக் கேட்டாள். அத்தை கட்டியதாகவே இருக்கட்டும், மணவாள நகருக்கு உண்மை போக வேண்டாம் என்று.

அத்தை கருவாட்டைப் பார்த்துக்கொண்டே யோசித்தாள். “சரி. பொண்ணு நல்லா வாழட்டும். எம் பேருதான கெட்டுப் போவும், போவட்டும். ஆனா ஒண்ணு அண்ணி. எங்கண்ணனுக்கு மட்டும் சொல்லிடு. அது மொகத்தத் திருப்பிக்கினு போனதுதான் எனக்குத் தாங்கல.”

“சொல்றேன்” என்றாள் அம்மா.

சொல்லவில்லை. ஒவ்வொரு வேளையும் நைனா சாப்பிட உட்காரும்போது இப்போது சொல்வாள், இப்போது சொல்வாள் என்று நான் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ரசம் ஊற்றிவிட்டு உள்ளே போய்விடுவாள். நைனாவுக்கு வாயில் எதுவும் தங்காது, கோபத்தில் சம்பந்தி வீட்டிலேயே போய்க் கொட்டிவிடுவார் என்ற பயம்தான் என்று இப்போது ஊகிக்கிறேன். அப்போது எனக்கு அவள் பொய் சொன்னவளாகத்தான் தெரிந்தாள்.

சித்திரையில் அக்காவும் அவள் வீட்டுக்காரரும் பத்து நாள் தங்க வந்தார்கள். அவர் கைக்கட்டோடு வேப்பமரத்தடியில் கட்டிலில் படுத்துக்கொண்டு புத்தகம் படிப்பார். அவருடைய தொழிற்சங்கத்து நூலகத்திலிருந்து எடுத்துவந்த புத்தகங்கள். பக்கம் புரட்டுவதற்கு என்னை உட்கார வைத்துக்கொள்வார். ஒரு நாள் துணிந்து கேட்டுவிட்டேன். காய் காய்க்காத மரத்துக்கு ஏன் முருங்கை என்று பேர் வைத்தார்கள்?

அவருக்கு இந்த மாதிரிக் கேள்வி என்றால் வெல்லம். எழுந்து உட்கார்ந்தார்.

“அது முருங்கையே இல்ல பாப்பா. பழைய பேரு முருக்கு. நல்ல செவப்பாப் பூக்கும் பாரு, அந்தக் காலத்துப் பாட்டுல எல்லாம் அந்தப் பூவப் பத்தி வருமாம். முருக்கு முருக்குன்னு சொல்லிச் சொல்லி ஜனங்க வாயில முருங்கைன்னு ஆயிருக்கும். ஏற்கெனவே கொழம்புல போடற முருங்கை ஒண்ணு இருக்குதில்ல? ரெண்டுக்கும் கொழம்பிடுவாங்கன்னு, கல்யாணத்துல நடறதுக்குக் கல்யாண முருங்கைன்னு முன்னாடி ஒரு வார்த்தயச் சேத்துட்டாங்க. இது என் யோசன. சரியா தப்பான்னு தெரியல.”

குழம்பக் கூடாது என்று சேர்த்த வார்த்தை. அதைத்தான் எங்கள் வீட்டில் விட்டிருந்தார்கள்.

“அந்தக் கெளயாலதான் ஒங்க வெரல் போச்சா?”

அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ரெண்டு ஷிப்ட் சேத்துப் பாத்தேன். நின்னுக்கினே கண்ண அசந்துட்டேன், அவ்ளோதான். கெள இன்னா பண்ணும்? எங்கம்மாகிட்ட சொல்லிடாத. டபுள் ஷிப்ட் பாத்தேன்னு தெரிஞ்சா என்னப் புடிச்சிக்கும். இப்ப கெளயத் திட்டிக்கினு கீது, திட்டட்டும்.”

நல்ல மனுஷர்தான். ஆனால் தன் அம்மாவிடம் வசவு வாங்கப் பயந்து அவரும் அந்தப் பழியை எளாவூரிலேயே கிடக்க விட்டார். விரல் எப்படிப் போனது என்று பெரியவர்களில் ஒருவர்கூட அவரிடம் உட்கார்ந்து கேட்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எல்லாரும் முருங்கையைத்தான் விசாரித்தார்கள்.

அந்த வாரமே நைனா யூரியா வாங்க என்னை சைக்கிளின் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்குப் போனார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு பேசுவது முகத்தைப் பார்த்துப் பேசுவதைவிடச் சுலபமாக இருந்தது. அவர் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்த இடத்தைப் பார்த்தபடி சொன்னேன்.

“நைனா, அந்த முருங்கைக் கெளயக் கொண்ணாந்தது நானு. அத்த இல்ல.”

சைக்கிள் கொஞ்ச தூரம் அப்படியே போனது. பிறகு நின்றது. நைனா இறங்கவில்லை, திரும்பவும் இல்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். எளாவூரில் அம்மா அழுததையும் அத்தை கேட்ட ஒரே ஒரு விஷயத்தையும் சொன்னேன். கேட்டு முடித்ததும், “நான் அவள இன்னா வார்த்த சொன்னேன் தெரியுமா?” என்றார். அதை என்னிடம் சொல்லவில்லை, கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. யூரியா வாங்கவில்லை. சைக்கிள் வடக்கே ஹைவேயில் ஏறியது.

எளாவூர் போய்ச் சேர்ந்தபோது அத்தை வாசல் கூட்டிக்கொண்டிருந்தாள். நைனா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். அத்தை அவரைப் பார்த்தாள், பின்னால் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள். துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள்.

“இன்னாண்ணா, நாஷ்டா ஆச்சா?”

“இல்லம்மா.”

பழைய சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டாள். கிளையைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நைனா மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

வெளியே பேச்சுவார்த்தை இல்லை என்பதாகவே இருந்தது. அக்காவுக்காக அப்படியே வைத்துக்கொண்டார்கள். ஆனால் மாதத்துக்கு ஒரு நாளாவது நைனாவின் சைக்கிள் வடக்கே போகும். அன்றைக்கு அம்மா எதுவும் கேட்காமல் ஹாண்டில்பாரில் ஒரு பை மாட்டி வைப்பாள், வடகமோ புது அரிசியோ. யாருக்கு என்று சொல்லமாட்டாள். அவளால் முடிந்தது அவ்வளவுதான்.

அக்காவுக்கு யாரும் சொல்லவில்லை. அவள் மாமியார் வாயால் கேட்ட கதையைத்தான் நம்பினாள். பிள்ளை பெற்றாள், வீடு கட்டினாள், எல்லாவற்றுக்கும் எல்லாரையும் அழைத்தாள். எளாவூருக்கு மட்டும் பத்திரிகை போகவில்லை. அத்தை இறந்தபோது வந்து தெருவில் நின்றுவிட்டு, உள்ளே காலெடுத்து வைக்காமல் திரும்பிப் போனாள். அதன் பிறகு நைனாவும் அம்மாவும் போய்விட்டார்கள், பேனா வைத்த அக்கா வீட்டுக்காரரும் போய்விட்டார். உண்மை தெரிந்த ஆள் நான் ஒருத்திதான் மிச்சம். அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அம்மா போன பின்பு யாருக்காக அந்த வாக்கு? பயம்தான், வேறொன்றும் இல்லை. இத்தனை வருஷம் கழித்துச் சொன்னால் அக்கா என்னை என்ன நினைப்பாள் என்கிற பயம்.

போன மாதம் அக்காவின் பேத்திக்குக் கல்யாண ஏற்பாடு. மணவாள நகர் வீட்டுக் கூடத்தில் பத்திரிகைக் கட்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். மண்டபத்தில் அரசாணிக்கால் அவர்களே வைத்துவிடுவார்கள் என்று யாரோ சொன்னார்கள். அக்காவின் மகன் சிரித்தபடி, “பாத்துக்கங்கப்பா, முருங்கையக் கட்டிடப் போறாங்க. எங்கம்மாவுக்கு ஒரு அத்தக்காரி பண்ணாளே, அந்த மாதிரி” என்றான். கூடமே சிரித்தது. அத்தையைப் பார்த்தே இராத பிள்ளைகள்கூடச் சிரித்தார்கள்.

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

“அந்தக் கெளயக் கொண்ணாந்தது நான்தாண்டா. அத்த இல்ல. அம்மா முருங்கைன்னாங்க, நான் முருங்கையக் கொண்ணாந்தேன். என்ன அடிப்பாங்கன்னு அத்த மறைச்சாங்க. ஒங்கம்மா வாழணும்னு கடசி வரைக்கும் மறைச்சாங்க.”

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுபத்தைந்து வயதில் அவள் முகம் அப்படியே அம்மா முகம்.

“அப்ப அவங்க ஏன் எங்க ஊட்டுக்கு ஒரு தபாகூட வரல?”

“நீ கூப்புடலியேக்கா.”

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். மடியில் இருந்த பத்திரிகை ஒன்றை எடுத்து உறையிலிருந்து வெளியே இழுத்தாள், திரும்ப உள்ளே வைத்தாள். அவள் மகன் ஏதோ சொல்ல வந்தான், கையால் அடக்கினாள்.

“அவங்க புள்ள கீறாரா?”

“கீறாருக்கா. அதே ஊடுதான். கண்ணு செரியாத் தெரியல, பஞ்சர் கடைய இப்ப பேரன் பாத்துக்கறான்.”

அவள் தரையில் கையூன்றி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தாள். குங்குமச் சிமிழைக் கேட்டு வாங்கி, அந்தப் பத்திரிகையின் நாலு மூலையிலும் வைத்தாள்.

“எளாவூருக்கு இப்ப பஸ்ஸு எத்தினி மணிக்கு?” என்றாள்.